நாலு ஷெட்டும் கேட்ட விசா நேர்காணல்

ரகசியம் காப்பதில் நான் கெட்டிக்காரன் என்று முப்பத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை கும்மிடிப்பூண்டியில், ஒரு வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில், பத்தே நிமிடத்தில் செத்துப்போனது.

இரண்டாயிரத்தெட்டு வாக்கில் அங்கே தொழிற்பேட்டையில் பாய்லர் குழாய்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வெல்டராக இருந்தேன். அத்திப்பட்டில் வாடகை வீடு. நானும் என் மனைவி ரூத்தும் ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பித்திருந்தோம். சிட்னி, மெல்போர்ன் என்று பெரிய ஊர்களுக்குப் போக விசாவுக்கான என் மதிப்பெண் போதவில்லை. ஆள் பற்றாக்குறை உள்ள உள்நாட்டுச் சிற்றூர்களில் தங்கி வேலை செய்வதாக ஒப்புக்கொண்டால் தனி விசா உண்டு என்றார் ஏஜென்ட். "எந்த ஊரா இருந்தா இன்னா, வெல்டிங் ராடு அங்கயும் எரியும்" என்றாள் ரூத். ஆங்கிலத் தேர்வை மூன்று முறை எழுதி, மூன்றாவது முறை கரையேறினேன். (முதல் இரண்டு முறை கரை கண்ணுக்கே தெரியவில்லை.)

தொழிற்சாலையில் யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் முக்கியம். அதற்கு முந்தைய வருடம் துபாய்க்கு விண்ணப்பித்த ஒரு ஃபிட்டரைக் கண்டுபிடித்து, பழைய இரும்பு கொட்டும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். விசாவும் வராமல், அவர் அங்கேயே துருப்பிடித்துக்கொண்டிருந்தார். எனவே என் அனுபவச் சான்றிதழை வீட்டுக் கடனுக்கு என்று சொல்லி வாங்கினேன். ஆர்கான் வெல்டிங், பைப் வெல்டிங் என்று இரண்டு பக்கம் விவரம் இருந்தது. வீட்டுக் கடனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கையெழுத்துப் போட்ட மேலாளர் கேட்கவில்லை. தட்டச்சு செய்து கொடுத்த, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் பானு அக்காவுக்கு மட்டும் உண்மை தெரியும். பழவேற்காட்டுக்காரர். அல்லாவின் மீது ஆணையிட்டு வாயைத் திறக்க மாட்டேன் என்றார். திறக்கவும் இல்லை. மைக்கைத்தான் திறந்து வைத்துவிட்டார்.

அன்று கேண்டீனில் முதல் வாய் சாம்பார் சாதம் உள்ளே போகும்போது ஒலிபெருக்கியில் பானு அக்காவின் குரல் வந்தது: "வெல்டர் சாமுவேல், உடனே டைம் ஆபீஸ் வரவும்." நாலு ஷெட்டிலும் கேண்டீனிலும் கேட்கும் மைக் அது. ஓடினேன். அக்காவின் முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, டெல்லி விசா ஆபீஸ்லேர்ந்து போன். வெள்ளைக்கார அம்மா. நீ இங்க வேலை செய்யுறியான்னு விசாரிக்கிறாங்க. உன்னாண்டயும் பேசணுமாம். நீயே பேசு" என்று ரிசீவரை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஹவ் ஆர் யூ கோயிங் டுடே?" என்றார் அந்த அம்மா.

ஆஸ்திரேலியாவில் நலம் விசாரிப்பது இப்படித்தான் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எப்படிப் போகிறாய் என்று கேட்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

"சூலூர்பேட்டை லோக்கல் ட்ரெயின், மேடம். ரிட்டர்ன் ஆல்ஸோ சேம் லைன்."

எங்கோ தொலைவில் ஒரு சிரிப்பொலி கேட்டது. டெல்லியில் சிரிக்கிறார்கள் போல என்று விட்டுவிட்டேன்.

தினமும் என்ன வேலை என்று கேட்டார். அதைச் சரியாகவே சொன்னேன். வேலையைப் பற்றிப் பேச எனக்குப் பயமில்லை. அடுத்துதான் வினை வந்தது. உங்கள் வேலையை யார் சரிபார்க்கிறார்கள்?

"மை சூப்பர்வைசர், மேடம். பட் ஹி நோ ஸீ. ஐ வெல்டிங், ஐ செக்கிங், ஹி சைன்." இன்னும் விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. (இந்தத் தோன்றல்தான் என் வாழ்நாள் வியாதி.) "மார்னிங் ஹி டீ. ஈவினிங் ஆல்ஸோ ஹி டீ."

இப்போது டெல்லியில் தட்டுகளைத் தட்டும் சத்தமும் கேட்டது.

நீங்கள் போகப்போவது சின்ன ஊர், வெயில் அதிகம், பக்கத்தில் ஒன்றும் கிடையாது, தாக்குப்பிடிப்பீர்களா என்றார். ஏஜென்ட் மனப்பாடம் செய்யச் சொன்ன பத்தி ஒன்று இருந்தது, இயற்கை எழில் என்று தொடங்கும். ஒரு வரியும் நினைவுக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னேன்.

"மேடம், மை ஹவுஸ் நியர் பிக் பவர் ஸ்டேஷன். டெய்லி பவர் கட். ஐ அட்ஜஸ்ட். யுவர் வில்லேஜ் ஆல்ஸோ ஐ அட்ஜஸ்ட்."

அவர் சிரித்தார். பிறகு, நீங்கள் போகப்போவது உங்கள் நிறுவனத்துக்குத் தெரியுமா என்றார்.

"நோ மேடம். டாப் சீக்ரெட்."

சொல்லி வாய் மூடவில்லை, கதவு திறந்தது. என் சூப்பர்வைசர் கோதண்டம் சார். வலது கையில் சாம்பார் காயாமல் இருந்தது. அவருக்குப் பின்னால் ஜன்னல் முழுக்கத் தலைகள். அவர் இடது கை விரலால் அந்தச் சிவப்பு விளக்கைக் காட்டினார்.

பழைய இரும்புக் குவியலில் அந்த ஃபிட்டருக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் தெரிந்தது.

"போனைக் குடு" என்றார்.

"சார், நான் வந்து..."

"குடு நைனா. அந்தம்மா காத்துக்கினு கீது."

வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

"மேடம், ஐ சூப்பர்வைசர் கோதண்டம். வாட் ஹி டெல், ஆல் ட்ரூ. ஐ நோ செக்கிங். ஒய்? எய்ட் இயர்ஸ், ஹிஸ் வெல்டிங், ஒன் லீக் நோ." குரல் இறங்கியது. "குட் பாய், மேடம். ஹி கோ மீன்ஸ், மை டீ ஆல்ஸோ கோ."

அந்த அம்மா நெடுநேரம் சிரித்து, நன்றி சொல்லி வைத்துவிட்டார். கோதண்டம் சார் மைக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லிட்டுப் பண்ணியிருக்கக் கூடாதா? நானே லெட்டர் வாங்கித் தந்திருப்பேன். இப்ப பாரு, ஊரே டீ டீன்னு கத்தினு கீது. பேஜாராப் பூட்ச்சிபா."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "போய்ச் சாப்புடு, ஆறிப் போச்சு" என்று முடித்துவிட்டார்.

மேலாளர் என்னை எங்கும் மாற்றவில்லை. மாற்றினால் வேலையைச் சரிபார்க்கத் தனக்கு ஆள் கிடையாது என்று கோதண்டம் சார் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாராம். ஏழாவது வாரம் விசா வந்தது. பானு அக்கா அதை அறிவித்தபோது நாலு ஷெட்டிலும் இரும்பை இரும்பால் தட்டினார்கள். அந்த ஓசையை வாசல் கேட் வரை தலை நிமிர்ந்து கேட்டுக்கொண்டே நடந்தேன்.

இங்கே தென் ஆஸ்திரேலியாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூரில் எங்களுக்கு இன்று சொந்த வீடு இருக்கிறது. கோதண்டம் சார் ஓய்வு பெற்றுவிட்டார். கிறிஸ்துமஸ்தோறும் கூப்பிட்டு எங்கள் மகளுக்கு இந்தக் கதையைச் சொல்வார். வருடத்துக்கு வருடம் கூட்டம் ஏறும். முதலில் தொழிற்சாலை மட்டும் கேட்டது. பிறகு பக்கத்துத் தொழிற்சாலையும் கேட்டது. கடைசியாகச் சொன்னபோது, ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றவர்களெல்லாம் கேட்டுக் கை தட்டியிருந்தார்கள்.

மகள் அதை அப்படியே பள்ளிக் கட்டுரையில் எழுதிவிட்டாள். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, ஒரு ரயில் நிலையமே உங்களுக்காகக் கை தட்டியதா, நிஜமா என்று கேட்டார். ரூத் என் முகத்தைப் பார்த்தாள்.

இரண்டு பிளாட்பாரமும் தட்டியது என்றேன்.