மதர் குடித்த சோடா

ஜட்கா தெருமுனையில் வந்து நின்ற பிறகுதான், தெருவை இவ்வளவு அழகுபடுத்தியிருக்கக் கூடாது என்று பொன்னுரங்கத்துக்கு உறைத்தது.

சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் அந்தத் தெருவுக்கு இருந்தது ஒரே கிணறு. மழை பெய்தால் சாக்கடை அதில் இறங்கும்; பிள்ளைகளுக்கு வயிற்றால் போகும். போன மாதம் அவன் மகள் ஜானகி பிழைத்ததே மயிலாப்பூர் கன்னியாஸ்திரீகள் ஆஸ்பத்திரியின் புண்ணியத்தில்தான். ஏழைத் தெருக்களின் தேவைக்கென்று அந்த ஆஸ்பத்திரி வருஷாவருஷம் மானியம் கொடுப்பதைக் கேள்விப்பட்டு, ஆழமாகக் குழாய் இறக்கி ஒரு கைப்பம்பு போட்டுத் தரும்படி கேட்டிருந்தான். தேவை மெய்தானா என்று பார்க்க, அதன் தலைமை டாக்டரான மதர் ஆக்னஸே வந்துவிட்டார்.

"மதர் வராங்க, தெரு மானத்தக் காப்பாத்துங்க" என்று வீடு வீடாகச் சொன்னவன் அவன்தான். காப்பாற்றிவிட்டார்கள். சுவரெல்லாம் சுண்ணாம்பு, பிள்ளைகள் தலையில் வழிய வழிய எண்ணெய். கிணற்றுக்கு மாவிலைத் தோரணம் வேறு.

முதல் வீடு ஜைதூன் பீயுடையது. தண்ணீர் போதும் என்றார் மதர். விருந்தாளிக்கு வெறும் தண்ணியா என்று ஜைதூன் பீ கோலிசோடாவை உடைத்து நீட்டினாள். வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு உண்டா என்று கேட்டதும் அவள் முகம் சுருங்கியது.

"அல்லா கிருபையில நம்ம வூட்ல அதெல்லாம் இல்லீங்கம்மா. எதுர் வூட்ல வேணா கேளுங்க."

எதிர் வீட்டில் இளநீர் கிடைத்தது. வியாதி அடுத்த வீட்டில் என்றார்கள். அடுத்த வீட்டில் மறுபடி சோடா. மதர் ஏப்பத்தை அடக்கிக்கொண்டார்.

பொன்னுரங்கம் சந்து வழியே ஓடி, கடைசி வீட்டுத் தங்கவேலுவைப் பிடித்து, வயிற்றுவலி என்று முனகச் சொன்னான். தங்கவேலு எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. அவன் புரண்ட புரளலில் மதர் பதறிப்போய் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குடல்வால் வீங்கியிருக்கும் போல, உடனே அறுக்க வேண்டும், வண்டியில் ஏற்றுங்கள் என்றார். 'அறுக்க' என்று காதில் விழுந்ததுமே தங்கவேலு எழுந்து வேலியைத் தாண்டி, ஆற்றையும் தாண்டிப் போய்விட்டான்.

"நல்ல ஆரோக்கியம்" என்றார் மதர். பிறகு பொன்னுரங்கத்தைப் பார்த்தார். "உங்கள் மகள் எங்களிடம் படுத்திருந்தாளே, அது இந்தத் தண்ணீரால்தானே?"

தெருவே அவன் வாயைப் பார்த்தது. ஆமாம் என்றால் போதும். ஆனால் தன் பிள்ளை சாக்கடைத் தண்ணீர் குடிக்கிறது என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை.

"அது பல்லு மொளைக்கசொல்ல வர்றதுங்க, மதர்."

ஜானகிக்கு வயது பத்து. அவன் மனைவி தாயம்மா தலையில் அடித்துக்கொண்டு, மதர் கையில் இன்னொரு சோடாவைத் திணித்தாள்.

மதர் ஜட்காவில் போய் ஏறினார். பெற்ற மகளின் நோயையே மறைத்தவன் இனி எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வது? பொன்னுரங்கம் மதரை ஏறிட்டுப் பார்க்க வெட்கப்பட்டு, வண்டிக்கு முன்பக்கமாகப் போய் ஜட்காக்காரர் ஷஃபியுல்லாவிடம் மெதுவாகக் கேட்டான்.

"பாய், பம்பு போச்சா?"

"இன்னாத்துக்கு நைனா போவுது? அடுத்த வாரமே ஆள அனுப்பணும்னு வண்டில ஏறசொல்லவே அம்மா எங்கிட்ட சொல்ட்டாங்க." ஷஃபியுல்லா கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார். "இத்தினி வூடு ஏறி எறங்கினாங்களே, ஒரு வூட்லயாவது அவங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க உங்களுக்குத் தைரியம் வந்துச்சா?"