வாமதேவன் பீவர்த்தோல் துலக்கிய படலம்

எந்தப் பரணும் கண்டு நடுங்கும் தோளினன். எத்தனை குறுகிய படிக்கட்டிலும் சோபாவைச் சரித்து இறக்கும் சூத்திரம் கற்றவன். ஜெர்மனி கடந்து தேம்ஸ் நாடு புகுந்து, வெள்ளை வான் ஒன்றையே தேராகக் கொண்டு, ஆளில்லாது போன வீடுகளின் தட்டுமுட்டுகளை அள்ளி வெறுமையாக்கித் தரும் தொழில் பூண்டவன். மனோர் பார்க் காவலன், சுசிலா மணாளன் வாமதேவனின் வெற்றியைப் பாடப் புகுந்தோம். சேர்ச் ரோட்டில் கோயில் கொண்ட வேலவனே, எம் நாவுக்குத் தளர்ச்சியும் மூக்குக்குத் தும்மலும் வாராமல் காத்தருள்வாயாக. இது தூசி பறக்கும் போர்.

அவ்வீரனிடம் குறை ஒன்றுண்டு. பிறர் எறியச் சொன்னதை அவனால் எறிய முடியாது. ஓடாத கடிகாரங்களும், பாடாத வானொலிகளும், கையிழந்த நாற்காலிகளும் அவனிடம் அடைக்கலம் கேட்டு, அவன் வீட்டின் பின்னறையில் அகதிகளாய்க் குவிந்திருந்தன. அந்தக் கூட்டத்தில் ஆர்ச்வே வீடொன்றின் பரணிலிருந்து தகரப்பெட்டி ஒன்றும் வந்து சேர்ந்தது. திறந்தான். கனடாவின் குளிராறுகளில் மரத்தைப் பல்லால் வீழ்த்தி வெள்ளத்துக்கே அணைகட்டும் பீவர் என்னும் விலங்கின் தோல்கள் நான்கு, பதனிட்டு, மயிர் நீக்காமல், தோற்ற மன்னரின் கேடயங்கள்போல் வட்டவட்டமாய் அடுக்கிக் கிடந்தன. அவற்றின்மேல் தூசியும், தூசியின்மேல் பிசுக்கும், பிசுக்கின்மேல் நாற்றமும் முடிசூடி அமர்ந்திருந்தன.

நாற்றம் அடுக்களையை முற்றுகையிட்டபோது சுசிலா எழுந்தாள். திங்கட்கிழமை பாரிசிலிருந்து வரும் அவள் தங்கை அந்தப் பின்னறையில்தான் படுக்கவேண்டும். அகப்பையைச் செங்கோலாய் ஏந்தி அவள் ஆணை பிறப்பித்தாள்.

"இஞ்சேருங்கோ, ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்துக்குள்ள இதுகள் வித்துப் போகவேணும். போகாட்டி இனி ஒரு துரும்பும் இந்த வாசலைத் தாண்டி உள்ளுக்கு வராது. கொண்டு வந்தால் அதோட நீங்களும் வானுக்குள்ள படுங்கோ."

தலையே போனாலும் கலங்காத வாமதேவன் கலங்கினான். பரண்பொருள் கொணரும் பிறப்புரிமை பறிபோனால், நாளை குப்பைமேட்டுக்குப் போகவிருக்கும் வானொலிகளை யார் காப்பார்? திசையெங்கும் தொலைபேசித் தூது விட்டான். நாடகக் குழுக்களுக்குத் தொப்பி செய்து கொடுக்கும் சிங்கப்பூர்த் தமிழ்ப்பெண் நீலா, ஹரோவிலிருந்து ஞாயிறு மூன்று மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னாள். பிசுக்கும் நாற்றமும் இருந்தால் தொடவே மாட்டாள் என்றும் சொன்னாள். தோல் துலக்கும் வேதத்தையும் அவளே ஓதினாள்: நீர் படக்கூடாது, காய்ந்த மரத்தூளை மயிரின் வேர்வரை தேய்த்தால் அது பிசுக்கைக் குடித்துவிடும், பிறகு கவிழ்த்துத் தட்டிச் சீவவேண்டும்.

ஞாயிறு புலர்ந்தது. முயற்கூட்டில் பரப்புவதற்கென விற்கும் மரத்தூள் மூட்டையைத் தோளில் சுமந்து, கொரோனாக் காலத்து முகமூடியைக் கவசமாய்ப் பூட்டி, முற்றம் கூட்டும் தும்புத்தடியைக் கதாயுதமாய்ச் சுழற்றி, பக்கத்து வீட்டுப் பூனை வேலிமேல் ஒற்றனாய் அமர்ந்து பார்த்திருக்க, வாமதேவன் பின்வளவில் இறங்கித் தூவினான், தேய்த்தான், புரட்டினான், புடைத்தான். புடைத்த புடையில் எழுந்த புழுதி கதிரவனை மறைக்க, மறைப்பதற்குக் கதிரவன் இல்லாத லண்டன் வானத்தில் அது மேகத்தோடு மேகமாய்க் கலந்தது. மரத்தூள் மூட்டை முற்றும் தீர்ந்தபோது நாற்றம் புறமுதுகிட்டது. கபிலநிற மயிர் பஞ்சினும் மென்மையாய் எழுந்து நின்றது.

அத்தோடு நிறுத்தியிருந்தால் காவியம் சுருங்கியிருக்கும். ஆனால் பிசுக்கு நீங்கிய மயிர் அவன் கண்ணுக்கு வறண்டு தெரிந்தது. தலைக்கு எண்ணெய் வைக்காமல் படலை தாண்டாத குலத்தில் வந்தவன் அவன். எண்ணெய் காணாத மயிரை விருந்தாளி முன் வைப்பானா? தேங்காயெண்ணெயை உள்ளங்கை நிறைய வார்த்து, தோல்களிலே பெரியதை மடியில் கிடத்தி, தலைமாட்டிலிருந்து வால்மாடுவரை அன்போடு அரக்கித் தேய்த்து, உச்சியில் நாலு தட்டும் தட்டினான்.

தட்டிய கை தூக்குமுன் பஞ்சு மயிர் திரிதிரியாய்ச் சுருண்டது. கேடயம்போல் கிடந்த தோல், வாய்க்காலில் விழுந்தெழுந்த பெருச்சாளி ஆயிற்று. மணியோ ஒன்றைத் தாண்டிவிட்டது. மாவீரன் வீழ்ந்து கிடந்த கதாயுதத்தைப் பார்த்தபடி புல்தரையில் குந்தியிருந்தான்.

தேநீரோடு வந்த சுசிலா மடியைப் பார்த்தாள். எண்ணெய்ப் போத்தலையும் பார்த்தாள்.

"எண்ணெய் வைச்சனீங்களோ?"

"கொஞ்சந்தான்."

"பின்னலும் பின்னி விட்டிருக்கலாமே."

வாமதேவன் அந்த அம்பை மார்பிலே தாங்கினான். வேறு வழியில்லை. சுசிலாவோ தங்கையை நினைத்தாள்; இந்தப் பெருச்சாளியோடு அவளை ஓரறையில் படுக்க வைப்பதை நினைத்தாள். சேலைத்தலைப்பை இடுப்பில் செருகி உள்ளே போனவள், கடலைமாப் பையோடு களம் புகுந்தாள். முழுகும் நாளில் தலையெண்ணெயை எடுக்கும் மா தோலெண்ணெயை எடுக்காதா என்பது அவள் வாதம். அவள் தூவ அவன் தேய்க்க, அவன் உதற அவள் பேன்சீப்பால் சீவ, அடுக்களையிலிருந்து வயர் இழுத்து ஹெயார் டிரையரின் குளிர்காற்றை அவள் வாயுவாஸ்திரமாய் ஏவ, எதிரெதிர் நின்ற இரு படைகள் ஒரே கொடியின்கீழ் பொருதன. திரிகள் பிரிந்தன. மயிர் மறுபடி மூச்சு விட்டது.

மூன்று மணிக்கு நீலா வந்தாள். ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் பிடித்து, மயிருக்குள் ஊதி அடிமயிரைப் பார்த்தாள். பெரிய தோலில் மட்டும் அவள் விரல் நின்றது. வாமதேவனின் நெஞ்சும் நின்றது.

"இது மட்டும் தனி மினுக்கா இருக்கே. என்ன செஞ்சீங்க?"

அவன் வாய் திறக்குமுன் சுசிலா முந்தினாள்.

"அது இவரின்ர கைப்பக்குவம், தங்கச்சி."

நீலா தலையசைத்து, நாலையும் எடுத்துக்கிறேன் என்றாள்.

முரசு இல்லாக் குறைக்குத் தூரத்து ரயில் முழங்க, புருவமெல்லாம் கடலைமா வெண்பொடியாய்ப் பூத்திருக்க, மார்பெல்லாம் பீவர்மயிர் வாகைமாலையாய்த் தொங்க, அகப்பைச் செங்கோலின் ஆணை அந்தக் கணமே செல்லாதொழிய, ஹைகேற் குன்றுமுதல் தேம்ஸ் கரைவரை உள்ள பரண்கள் அனைத்தையும் தன் ஆட்சிக்குட்படுத்திய பேரரசனாய் வாமதேவன் வாசலில் நிமிர்ந்து நின்றான்.

அடுத்த கிழமை ஒரு பழைய அலுமாரி வந்தது, மற்றப் பக்கத்தைச் சுசிலா பிடித்தாள்.