சாப்பாட்டு மேசையில் நங்கூரம்

நகர்த்த மாட்டேன். ஒரு அங்குலம்கூட நகர்த்த மாட்டேன் என்று சபதம் போட்டேன். நகர்த்த மாட்டேன் என்றது என்னை அல்ல, என் கப்பலை.

சின்ன வயதிலிருந்தே எனக்குப் பாய்மரக் கப்பல் என்றால் பைத்தியம். ஏறியதில்லை, பஸ்ஸிலேயே எனக்கு வாந்தி வரும். ஆனால் எந்தப் புயலில் எந்தப் பாய்மரம் முதலில் முறியும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடையில். அங்கே பொடித் திருகாணி முடுக்கிப் பழகிய கையால், வீட்டில் மூன்று பாய்மரம் வைத்து ஒரு கப்பல் கட்டினேன். என் உயரத்தில் பாதி இருக்கும். பாய்க்குத் துணி ஏது என்கிறீர்களா? வீட்டில் தலையணை உறைகள் காணாமல் போனதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை.

கட்டிய இடம் சாப்பாட்டு மேசை. அன்றிலிருந்து நாங்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறோம்.

“ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி குடும்பத்தோட சாப்பிட வரா. இதைத் தூக்கிப் பரண்ல வையுங்க,” என்றாள் மனைவி.

“பரணா! கடலையே எதிர்த்து நிக்கிற கப்பலை ஒட்டடைக்குள்ள அனுப்பச் சொல்றியா?”

“எந்தக் கடலைங்க? உப்பு ஜாடியைத்தான் ஓரமாத் தள்ளிட்டு நிக்குது.”

“உனக்கென்ன தெரியும்? பாய் கிழியும், மரம் முறியும், அடியில தண்ணி ஏறும். எல்லாரும் படகுல குதிச்சாலும் கேப்டன் மட்டும் கப்பலை விட்டு இறங்கவே மாட்டான். நான் கேப்டன்!”

“சரிங்க கேப்டன்.”

இவ்வளவு சுலபமாகவா? கல்யாணமான நாளிலிருந்து ஒரு வாக்குவாதத்தில்கூட ஜெயிக்காதவன் நான். கண்ணாடி முன் நின்று எனக்கு நானே ஒரு சல்யூட் அடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம். டொக்! நடுப் பாயில் ஒரு சொட்டு.

நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் விரிசல். மேல்வீட்டு நர்ஸம்மா தரையைக் கழுவினால் ஒழுகும் விரிசல்தான். நான் போட்ட சண்டையில் அவர் கழுவுவதை விட்டு, ஈரத்துணியால் துடைப்பதோடு சரி என்றாகியிருந்தது. டொக், டொக். சொட்டு தாரையானது.

“ஐயோ, என் கப்பல்! இரு, மேல போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்!”

“நல்லாயிருக்கே!” மனைவி குடையோடு ஓடிவந்தாள். “கப்பல் முழுகும்போது கேப்டன் இறங்கி ஓடலாமா? நீங்கதானே சொன்னீங்க?”

எனக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை வருஷம் நான் பேசியதையெல்லாம் இவள் கேட்டிருக்கிறாள்!

“குடையை நேராப் பிடி!” என்று உத்தரவு போட்டேன்.

“கட்டில் மேல வைக்கலாமா?”

“மெத்தையில சரிஞ்சு மரம் முறிஞ்சிடும்!”

“குளியலறை?”

“கப்பலை யாராவது ஈரத்துல வைப்பாங்களா?”

“வேற எங்கேங்க வைப்பாங்க?”

“பரண்!” என்று கத்தினேன்.

“பரண் வேணாங்க. உங்க கப்பலுக்கு அது மரியாதை இல்ல.”

“கேப்டன் நானா, நீயா? ஏணியைக் கொண்டா!”

ஏணி கதவுக்குப் பின்னாலேயே தயாராக இருந்தது. பரணில் ஒட்டடையே இல்லை. சுத்தமாகத் துடைத்துப் பழைய போர்வை விரித்திருந்தது. அதையெல்லாம் யோசிக்க அப்போது நேரமேது? ஒரு கயிறு அறாமல், ஒரு பாய் கிழியாமல் கப்பலை மேலே ஏற்றினேன். ஆயுசு முழுக்கப் படித்த ஆபத்து ஒருநாள் நேரிலேயே வந்தது, ஜெயித்தவன் நான்! ஏணி உச்சியில் இடுப்பில் கை வைத்து நின்றேன். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

“காப்பாத்திட்டீங்க!” என்று மனைவி கைதட்டினாள். தட்டிய கையோடு மேசையைத் துடைத்துப் புது விரிப்பையும் போட்டாள். ஒழுகலும் நின்றிருந்தது.

அப்போது ஜன்னல் வழியே மேல்வீட்டு நர்ஸம்மாவின் குரல் இறங்கி வந்தது.

“என்னம்மா, பரணுக்கு ஏத்தியாச்சா? இல்ல, இன்னொரு பக்கெட் ஊத்தவா?”