மாகாணி இடைவெளி

சரியாக இருப்பதைச் சரிபார்த்தே கெடுக்கும் கை என்னுடையது. பெண்ணைப் பெற்ற பிறகு அந்தக் கைக்கு வேகம் கூடிவிட்டது.

என் மகள் கமலாவுக்கு வேலூர் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் நேர்காணல், காலை பத்து மணிக்கு. தவறினால் ஒரு வருஷம் போச்சு. அதற்குள் என் மைத்துனர் ஒரு மாப்பிள்ளையோடு வந்து நிற்பார். நான் முன்ஷியாகக் கணக்கெழுதிய ஆம்பூர்த் தோல் மண்டியின் முதலாளி தம் மோட்டாரையே கொடுத்தார். முதல்நாள்தான் டிரைவர் பாஷா பாய் அதன் கியர் பெட்டியைக் கழற்றி வேறொன்றை மாட்டியிருந்தார்.

இங்கிலீஷ் படித்தவன் என்பதால் (அதுதான் வினை) கையேட்டைப் படித்துச் சொன்னவன் நான். கிளச்சை மிதித்தால் ஒரு பேரிங் நகர்ந்துபோய் அங்குள்ள விரல் போன்ற கம்பிகளை அழுத்தும். மிதிக்காதபோது இரண்டுக்கும் நடுவே அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும்.

"மாகாணி அங்குலம், பாய்" என்றேன்.

அவர் மாகாணி கனமுள்ள ஓர் ஆட்டுத்தோல் துண்டை அந்த இடுக்கில் விட்டு உருவிக் காட்டினார். "கரெக்டா மாகாணி. ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல. நிம்மதியா போங்க முன்ஷி."

போவேனா? மறுநாள் காலை அவர் முகம் கழுவப் போன நேரம் பார்த்து கிளச்சின் மூடியைத் திறந்தேன். தோலை விட்டேன். லொடலொடவென்று ஆடியது. மண்டியில் இருபது வருஷம் இருந்தவனுக்கு ஆடுவதெல்லாம் குற்றம். இடைவெளியைக் குறைக்கும் நட்டை ஸ்பானரால் திருகினேன். தோல் உடும்பாகப் பிடித்துக்கொண்டது. ஆகா!

"பொண்ணுக்கு நேரமாவுது, அங்க இன்னா பண்றீங்க?" என்றாள் மனைவி. தோலை உள்ளேயே விட்டு மூடியை மூடினேன்.

வண்டி சிங்கமாக உறுமியது, எறும்பாக நகர்ந்தது. தோல் தீயும் நாற்றம் வேறு. பாஷா பாய், கமலா, நான், மூவரும் கவனிக்கவில்லை. ஆம்பூர்க்காரர்களுக்குத் தோல் நாற்றம்தானே காற்று! மாதனூர் தாண்டியதும் கமலாதான் கேட்டாள்:

"அப்பா, ஊரத் தாண்டிட்டோம். ஊர் வாசன ஏன் இன்னும் தாண்டல?"

பாஷா பாய் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, கருகிய அப்பளம் போன்ற ஒன்றைக் குறட்டால் எடுத்தார்.

"இன்னா இது முன்ஷி?"

"தோல்."

"அது தெரிது. உள்ள எப்டி போச்சு?"

"சந்து இருந்துச்சு பாய், அதான்..."

"இருக்கணும்னுதானே உட்டேன்! அது மூச்சு உட வேணாமா? சந்து இல்லாட்டி கிளச் வழுக்கும், வண்டி இழுக்காது!"

அவர் நட்டைத் தளர்த்தி ஓட்டியும், போய்ச் சேர மணி பத்தே முக்கால். பாலாற்றில் வெள்ளம் என்றொரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன் (மணல் மட்டுமே ஓடும் ஆறு அது). நான் வாயைத் திறப்பதற்குள், கமலா கருகிய தோலைத் தலைமையாசிரியையின் மேஜைமேல் வைத்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் பேரிங்காகவும் கிளச்சாகவும் பிடித்து, நடந்ததை முழுக்க விளக்கினாள்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "இவள் பாடம் நடத்துவாள். இடம் உண்டு. நீங்கள் மட்டும் எதையும் தொடாமல் வெளியே இருங்கள்."

இன்று அவள் சோளிங்கரில் ஆசிரியை. வாரம் மூன்று கடிதம் எழுதுகிறேன்: வெந்நீர் குடிக்கிறாயா, கதவைத் தாழிடுகிறாயா? கார்டில் ஒற்றைச் சொல் பதிலாக வரும்: "மாகாணி."

போன வாரம் நேரிலேயே போய்த் தாழ்ப்பாளைச் சரிபார்த்து, கொஞ்சம் இறுக்கிவிட்டு வந்தேன். இன்று வந்த கார்டு சற்று நீளம்:

"தச்சரைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்தோம். மாகாணி."