எமனுக்குத் தெரியாத சட்டை

அந்த வருஷம் மாமல்லபுரத்துக்குச் சிற்பம் பார்க்க வந்தவர்களைவிடச் சட்டை வாங்க வந்தவர்கள்தான் அதிகம். ஊருக்குத் தெற்கே சவுக்குத் தோப்பில் கீற்றுக் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தார் அரூபானந்த சுவாமி. அவர் கொடுக்கிற கையில்லாத சட்டையைப் போட்டுக்கொண்டால் எமன் கண்ணுக்கு ஆள் தெரியாதாம். எருமை மேல் ஏறி வருகிறவன், 'இங்கேதானே இருந்தான்' என்று தேடிப் பார்த்துவிட்டு, பாசக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடுவானாம்.

புதுப்பட்டினத்து மீனவர்கள் வாங்கினார்கள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்ட வந்திருந்த படித்தவர்கள், வீட்டில் பெரியவர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு தங்கள் அளவுக்கு வாங்கினார்கள். செங்கல்பட்டிலிருந்து வந்த பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைப்பதில்லை. சுவாமி மட்டும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வதில்லை. எமன் அவருக்குச் சிநேகிதனாம். சிநேகிதனிடம் ஒளிந்துகொள்வது மரியாதையில்லையே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்தில் தாண்டவராயனும் நின்றார். திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் ஒரு கல்குவாரியில் மேஸ்திரி. அவர் வந்தது விளையாட்டுக்கு அல்ல. போன மாதம் ஜல்லிப் பொடி பறந்துகொண்டிருந்த நேரத்தில், பின்பக்கமாக வந்த லாரி அங்கே வேலை செய்த எல்லப்பன் காலில் ஏறிவிட்டது. ஓட்டியவன் மைதீன். எல்லப்பனின் சிநேகிதன். அவனே தூக்கிக்கொண்டுபோய் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தான். உயிர் பிழைத்தது. கால் போனது போனதுதான்.

சுரங்கப் பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்தார். குவாரிக்குள் இறங்குகிற ஒவ்வொருவரும், லாரிக்காரன் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரிகிற மாதிரி பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை போட வேண்டும். வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை முன்னாலும் பின்னாலும் இருக்க வேண்டும் என்று சொல்லி, மாதிரிக்கு ஒன்றும் கொடுத்துவிட்டுப் போனார். மேனேஜர் கோபாலகிருஷ்ணன் அதை ஆணியில் மாட்டினார். அவர் சுவாமியின் பக்தர். அதிகாரி கேட்டது சட்டை, ஜனங்களுக்கு வேண்டியது ரட்சை, சுவாமியிடம் போனால் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு மேஸ்திரியை அனுப்பிவைத்தார்.

தாண்டவராயன் அங்கே கண்ணால் கண்டார். சட்டையின் சக்தியைக் காட்ட ஒரு கம்பத்துக்குச் சட்டை மாட்டி நட்டுவைத்தார்கள். சுவாமியின் லாரி உறுமிக்கொண்டு வந்தது. கம்பத்தை நெருங்கியதும் எஞ்சின் இருமி, குலுங்கி, அப்படியே செத்துப்போனது. கூட்டம் தரையில் விழுந்து கும்பிட்டது. தாண்டவராயனும் விழுந்தார். எழுந்தபோது அவருக்கு ஒரு சந்தேகமும் பாக்கியில்லை. குவாரிக்கே சேர்த்து மூட்டையாக வாங்கிக்கொண்டு வந்தார்.

சட்டை சாம்பல் நிறம். மந்திரித்த விபூதியில் ஊறியதாம். தாண்டவராயன் மனைவி ஆதியம்மாளும் அதே குவாரியில்தான் ஜல்லி சுமந்தாள். அவள் சட்டையை உதறிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, கல்லு கலர்ல கீது? பொடில நின்னா என்னை எனக்கே தெரியாது."

"அதாண்டி விசேஷம். எமனுக்கே தெரியாதுன்னா பாத்துக்கோ."

பெருமையாகத்தான் சொன்னார். தாம் சொன்னது தம் காதில் விழ அவருக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று.

ஆரஞ்சுச் சட்டை ஆணியிலேயே தொங்கியது. குவாரி முழுக்கச் சாம்பல் சட்டை நடமாடியது. மேலே நின்று பார்த்தால் கல் நடப்பது போலிருக்கும். நடக்காமல் நின்றால் கல்லேதான்.

ஒரு நாள் உச்சி வெயிலில், கல் உடைக்கிற யந்திரம் பொடியை ஊதித் தள்ளிக்கொண்டிருக்க, மைதீன் லாரியைப் பின்னால் எடுத்தான். எல்லப்பன் விபத்துக்குப் பிறகு அவன் கண்ணாடியில் பார்க்காமல் ஓர் அடி நகர்வதில்லை. அன்றும் பார்த்தான். பொடிதான் தெரிந்தது. பொடிக்குள் ஆதியம்மாள் இருந்தாள். சத்தம் முதுகில் மோதிய பிறகுதான் திரும்பினாள். கூடையைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் பாய்ந்தாள். கல் மேல் விழுந்து கை ஒடிந்தது. கூடை டயருக்கடியில் தோசையாகிவிட்டது.

தாண்டவராயன் ஓடிவந்தபோது மைதீன் டயர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். "பாத்துகினுதான் வந்தேன் அண்ணாத்த. சத்தியமா பாத்துகினுதான் வந்தேன்" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு பேச்சு வரவில்லை.

தாண்டவராயனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே சுவாமியிடம் போய்க் காலில் விழுந்தார். சுவாமி கண்ணை மூடித் திறந்து விளக்கம் சொன்னார்: எமன் அவளைப் பார்க்கவில்லை, அதனால்தான் கையோடு போயிற்று, ஆனால் அவள் மனசில் சந்தேகம் இருந்திருக்கிறது, அது சட்டையின் சக்தியைத் தின்றுவிட்டது. தாமே குவாரிக்கு வந்து தோஷம் கழிப்பதாகவும் வாக்குக் கொடுத்தார். தாண்டவராயன் வழி நெடுக அதை மென்றுகொண்டே வந்தார். பாதி இறங்கியது. பாதி தொண்டையில் நின்றது.

வீட்டில் ஆதியம்மாள், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"என் மேல வந்தது சந்தேகமா, லாரியா? சந்தேகத்துக்கு நம்பர் பிளேட்டு இருந்துதா?" என்றாள்.

அவள் பிறகு மைதீனைக் கூப்பிட்டனுப்பி வெகுநேரம் பேசினாள்.

சுவாமி வெள்ளிக்கிழமை வந்தார். மாலை போட்ட லாரி, அதன் டிரைவர் திருநாவுக்கரசு, சங்கு, சேகண்டி எல்லாம் வந்தன. குவாரியே வேலையை விட்டுவிட்டுக் கூடியது. கம்பம் நட்டார்கள், சட்டை மாட்டினார்கள், லாரி வந்தது, இருமியது, நின்றது. மேனேஜர் கற்பூரம் கொளுத்தினார். எல்லாரும் விழுந்து எழுந்த பிறகும் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். ஆதியம்மாள் முன்னால் வந்து, தனக்குச் சந்தேகம் தீர்ந்துபோகச் சுவாமிதான் அருள் செய்ய வேண்டும் என்றாள். சுவாமி புன்னகைத்து, கேள் தாயே என்றார்.

"இந்தச் சட்டைய நீங்க போட்டுகினு அந்தப் பொடிக்கு நடுவுல முதுகு காட்டி நில்லுங்க சாமி. மைதீன் தன் லாரிய பின்னால எடுத்துகினு வரட்டும்."

சுவாமியின் புன்னகை இருந்த இடத்திலேயே இருந்தது. மைதீன் வேறு மார்க்கத்துக்காரன், அவன் ஓட்டினால் மந்திரம் பலிக்காது என்றார்.

"எமன் மதம் பாத்தா வர்றான், சாமி?" என்றான் மைதீன்.

தமக்கு எமன் சிநேகிதன், சட்டையே தேவையில்லை என்றார் சுவாமி. அப்படியானால் இன்னும் சௌகரியம், பயமில்லாமல் நிற்கலாம் என்றாள் ஆதியம்மாள்.

அங்கேதான் பக்தி வேலை செய்தது. மேனேஜர் கோபாலகிருஷ்ணன் கண்ணீர் மல்கக் கைகூப்பி, நாலு பேருக்கு நம்பிக்கை வரும், நில்லுங்கள் சுவாமி என்று கெஞ்சினார். பக்தர்கள் கோஷம் போட்டு, மாலை வாடாமல், அவரைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பொடிக்கு நடுவில் இறக்கினார்கள். தாண்டவராயனே பயபக்தியோடு சட்டையைப் போட்டுவிட்டார். சந்தேகக்காரர்கள் யாரும் சுவாமியைத் தொடக்கூட இல்லை.

ஆதியம்மாள் ஆணியிலிருந்த ஆரஞ்சுச் சட்டையைக் கொண்டுவந்து புருஷன் கையில் கொடுத்தாள். மைதீன் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிய ஓர் அடையாளம் வேண்டும், சுவாமிக்கும் லாரிக்கும் நடுவில் ஓரமாக நில் என்றாள். அவர் போட்டுக்கொண்டு நின்றார். யந்திரம் ஓடியது. பொடி கிளம்பியது. லாரி பின்னால் வரத் தொடங்கியது, ஆள் நடக்கிற வேகத்தில்.

பாதி தூரம்கூட வரவில்லை. சுவாமி திரும்பிப் பார்த்தார். எமனின் சிநேகிதர் சட்டையைக் கிழித்தெறிந்துவிட்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, கருவேலங்காட்டைப் பார்த்து ஓடிய ஓட்டத்தை அந்தக் குவாரி மறக்காது. லாரி தாண்டவராயனுக்கு எதிரே ஒழுங்காக வந்து நின்றது. மைதீன் இறங்கிவந்தான்.

"சாமி எங்க அண்ணாத்த?"

"ஓடிட்டாரு."

"எப்ப? எனக்கு உன்னைத்தான் தெரிஞ்சுது. அவரு நின்னதும் தெரில, ஓடினதும் தெரில."

எமனுக்கே தெரியாது என்று தாம் பெண்டாட்டியிடம் பெருமையடித்தது அப்போதுதான் தாண்டவராயன் காதில் விழுந்தது. அவர் ஆதியம்மாளின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

மைதீன் அதோடு விடவில்லை. சுவாமியின் லாரியில் ஏறிக் கம்பத்தைப் பார்த்து ஓட்டினான். எஞ்சின் இருமவில்லை. கம்பமும் சட்டையும் டயருக்கடியில் போயின. பிறகு, ஓடாமல் மாட்டிக்கொண்ட திருநாவுக்கரசு தானாகவே காட்டிக்கொடுத்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே எஞ்சினை நிறுத்துகிற குமிழ் ஒன்று உண்டு. எந்த டீசல் லாரியிலும் உண்டு. கம்பம் நெருங்கியதும் அதை இழுப்பான். சக்தி அவ்வளவுதான்.

சுவாமியைச் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் போலீஸ் பிடித்தது. முழங்காலெல்லாம் முள் குத்தியிருந்ததால் அடையாளம் காண்பது சுலபமாக இருந்ததாம்.

இந்தத் தடவை தாண்டவராயன் யார் காலிலும் விழவில்லை. செங்கல்பட்டு சௌகத் அலி கடையிலிருந்து நாலைந்து விதமான ஆரஞ்சுச் சட்டைகள் வாங்கிவந்து, பொடிக்கு நடுவில் கம்பு நட்டு மாட்டினார். லாரிக்குள் மைதீன் பக்கத்தில் உட்கார்ந்து எது தூரத்தில் தெரிகிறது என்று தாமே பார்த்தார். பட்டை இல்லாததை ஒதுக்கினார். முன்னால் மட்டும் பட்டை வைத்ததை, லாரி முதுகுப் பக்கமும் வருமே என்று திருப்பி அனுப்பினார். மிச்சத்தை ஆதியம்மாள் ஒற்றைக் கையால் துவைத்துப் போட்டதில் ஒன்று சாயம் போய் வெளுத்தது. கடைசியில் நின்ற ஒரு விதத்தையே குவாரி முழுக்க வாங்கினார்கள். அதிகாரி வந்து பார்த்துத் தலையாட்டினார்.

விநியோகம் செய்கிற நாளன்று மேனேஜர் முந்திக்கொண்டார். சட்டைகளை மேஜை மேல் அடுக்கி, தேங்காய் உடைத்து, மின்னுகிற பட்டை ஒவ்வொன்றின் மேலும் பெரிதாகத் திருமண்ணால் நாமம் போட்டு வைத்திருந்தார். பட்டை மறைந்துபோயிருந்தது. தாண்டவராயன் ஈரத்துணியை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினார். தெய்வக் குற்றம் ஆகிவிடும் என்று மேனேஜர் பதறினார்.

"ஏற்கெனவே ஒருத்தன் நம்ம எல்லாருக்கும் நாமம் போட்டுட்டுப் பூட்டான் சார்" என்றார் தாண்டவராயன், துடைப்பதை நிறுத்தாமல். "சட்டையாவது தப்பிக்கட்டும்."

சட்டையில் அப்பியது ஈரத்துணிக்குப் போய்விட்டது. புத்தியில் அப்பியதைத் துடைக்க அவரவர்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அதற்கு எந்தக் கொட்டகையிலும் கூட்டம் சேர்ந்ததாகத் தகவல் இல்லை.