இரண்டு தொட்டிகள், இருபத்து மூன்று குழாய்கள்

“எங்க ஆளுங்க என்ன, நாயா?”

கைபேசியில் வந்த குரல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தம்பிக்கே தெளிவாகக் கேட்டது. அக்கா கைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தாள்.

பேசியவர் உடற்பயிற்சிக் கூடத்தின் முதலாளி. அவருடைய இரண்டு மாடிக் கட்டடத்தைத் தினமும் சுத்தம் செய்யும் வேலை அக்காவின் துப்புரவு நிறுவனத்துக்குக் கிடைக்கவிருந்தது. ஒப்பந்தம் தயாரித்தது தம்பி. தயாரித்தது என்றால், போன மாதம் நாய்க் காப்பகத்துக்கு எழுதியதைக் கணினியில் திறந்து, பழைய பேர் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் புதுப் பேரைத் தட்டியிருந்தான். பதினான்காவது பிரிவு கண்ணில் படவில்லை. ‘நாய்க் காப்பகம் என்ற நிறுவனத்தில் இருப்பவர்களை வெளியே ஓட்டிய பிறகே தரை கழுவப்படும்’ என்று அது அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டது.

“மன்னிச்சுக்கங்க சார். இன்னிக்கே சரியா அனுப்பிடறோம்.”

“இன்னொரு தடவை ஒரே ஒரு பேர் தப்பா இருந்தாலும் நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்.”

அக்கா கைபேசியை வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். “இந்த வேலைய நம்பி ஆறு பேரைச் சேத்திருக்கேன். இது கை நழுவிச்சு, உன்னைக் கயித்துல கட்டி ஜன்னல் துடைக்க இறக்கிடுவேன்.”

தம்பிக்கு நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றும்.

“ஒரே பேரை அத்தனை இடத்துல தட்டினா ஒண்ணு விட்டுத்தான்கா போகும். ஒரு இடத்துல தட்டணும், மிச்சமெல்லாம் தானா மாறணும்.”

“மந்திரமா?”

“இல்லக்கா. குழாய்.”

அவன் சொன்னது சரிதான். மொட்டைமாடியில் ஒரு தொட்டி, வீடெங்கும் குழாய்கள். தொட்டியில் எதை ஊற்றினாலும் எல்லாக் குழாயிலும் அதுதான் வரும். ஆவணத்தின் தொடக்கத்தில் ஒரு பெட்டி வைத்தால், அது தொட்டி. பேர் வரவேண்டிய இடங்களில் பேரை எழுதாமல், ‘மேலே இருப்பதை இங்கே காட்டு’ என்று ஒரு சின்னக் கட்டளை வைத்தால், அது குழாய். ஒரே ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது என்று அக்காவிடம் அழுத்திச் சொன்னான். தொட்டியில் பேரை மாற்றிய பிறகு, ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுத்து எஃப்-ஒன்பது விசையைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் குழாயில் பழைய தண்ணீரே நிற்கும்.

ஒரு மணி நேரத்தில் இருபத்து மூன்று குழாய்கள் தயார். தம்பி எஃப்-ஒன்பதைத் தட்டினான். அக்கா சத்தமாகப் படித்தாள்.

“‘உடற்பயிற்சிக் கூடம் என்ற நிறுவனம், உடற்பயிற்சிக் கூடம் என்ற நிறுவனத்தைத் தினமும் காலை ஆறு மணிக்குச் சுத்தம் செய்யும்.’ இதுல நாம எங்கடா?”

“அய்யய்யோ. நம்ம பேர் வர்ற இடத்துக்கும் அதே குழாயைப் போட்டுட்டேன்.”

“அவங்களே கழுவிக்குவாங்கன்னா நாம எதுக்கு, கை தட்டவா?”

ஆக, இரண்டு தொட்டி வேண்டும். ‘வேலை செய்பவர்’ என்று ஒன்று, ‘வேலை கொடுப்பவர்’ என்று இன்னொன்று. தம்பி எல்லாக் குழாய்களையும் பிடுங்கி மறுபடி இணைத்தான். மதியம் அக்கா மறுபடி படித்தாள்.

“மூணாவது பிரிவுல நாம பெருக்கறோம். நாலாவதுல அவங்க துடைக்கறாங்க. என்னடா இது, கூட்டுக் குடும்பமா?”

தம்பி எண்ணிப் பார்த்தான். இருபத்தொரு குழாய்கள் தொட்டி மாறி இணைந்திருந்தன. இரண்டுதான் சரி. இருபத்தொன்றை மறுபடி பிடுங்க அவனுக்குத் தெம்பில்லை. ஆனால் மூளை இருந்தது.

வெந்நீர்க் குழாயும் பச்சைத்தண்ணீர்க் குழாயும் மாறிப்போனால் சுவரை உடைக்க வேண்டியதில்லை. வெந்நீர்த் தொட்டியில் பச்சைத்தண்ணீரையும், பச்சைத்தண்ணீர்த் தொட்டியில் வெந்நீரையும் ஊற்றிவிட்டால் போதும். சரியாக இருந்த அந்த இரண்டு குழாய்களையும் தம்பி மற்றவை போலவே தொட்டி மாற்றி இணைத்தான். பிறகு மேலே தொட்டிகளில் இருந்த இரண்டு பேர்களையும் இடம் மாற்றினான். எஃப்-ஒன்பது. விரலை வைத்து வரிவரியாகப் படித்தான். இருபத்து மூன்றும் சரி.

“அக்கா, முடிஞ்சுது! நீயே அனுப்பிடு. நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்.”

அவன் திரும்பி வருவதற்குள் ஒப்பந்தம் போயிருந்தது. சாயங்காலமே கையெழுத்தோடு திரும்பியும் வந்துவிட்டது. அக்கா அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஆறு பேருக்கும் புதுச் சீருடை கொடுத்தாள். தம்பி தன் நாற்காலியில் இரண்டு சுற்றுச் சுற்றினான்.

மறுநாள் காலை ஆறுக்குப் பத்து நிமிடம். வாசலில் வண்டி தயாராக நின்றது. அக்கா தம்பியின் முதுகில் தட்டினாள்.

“பரவாயில்லடா, தேறிட்டே. என்ன, நேத்து நான் மட்டும் பாக்கலேன்னா மானம் கப்பலேறியிருக்கும்.”

“எதைப் பாத்தே?”

“‘வேலை செய்பவர்’னு போட்டு அவங்க பேரை எழுதி வெச்சிருந்தே. ‘கொடுப்பவர்’ல நம்ம பேரு. ரெண்டையும் மாத்திட்டுத்தான் அனுப்பினேன்.”

தம்பிக்கு உயரத்திலிருந்து கீழே பார்ப்பது போல இருந்தது. “எஃப்-ஒன்பது... தட்டலதானே?”

“அதெப்படித் தட்டாம இருப்பேன்? நீதானே சொன்னே, தட்டலேன்னா பழைய தண்ணிதான்னு!”

தம்பி கையெழுத்தான பிரதியைப் பிடுங்கிப் படித்தான். துப்புரவு நிறுவனத்தின் அலுவலகத்தை உடற்பயிற்சிக் கூடம் தினமும் காலை ஆறு மணிக்குச் சுத்தம் செய்யும். பெருக்கும். துடைக்கும். பதினான்காவது பிரிவின்படி, உள்ளே இருப்பவர்களை வெளியே ஓட்டிய பிறகே தரையைக் கழுவும். அடியில் முதலாளியின் பெரிய கையெழுத்து, முத்திரையோடு.

அக்கா எட்டிப் பார்த்து, தலையில் கை வைத்தாள்.

“பயப்படாதேடா,” என்றாள் பிறகு. “அந்த மனுஷன் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்காரு. நல்லதாப் போச்சு. போய் வேற பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்கிட்டு வந்துடலாம்.”

அப்போது கதவு தட்டப்பட்டது. வாசலை அடைத்துக்கொண்டு மூன்று பயிற்சியாளர்கள் நின்றார்கள். ஒவ்வொரு புஜமும் தம்பியின் தொடை அளவு. கையில் ஆளுக்கொரு வாளி.

“எங்க முதலாளி ரெண்டு தடவை படிச்சாருங்க மேடம்,” என்றார் முன்னால் நின்றவர், சட்டைக் கையை மடித்துக்கொண்டே. “‘இருபத்து மூணு இடத்துல ஒரு பேர்கூடத் தப்பில்ல, இவ்வளவு சிரத்தையா எழுதறவங்களை ஏமாத்தக் கூடாது’ன்னு சொல்லி அனுப்பினாரு. கொஞ்சம் எல்லாரும் வெளிய போறீங்களா, தரையைக் கழுவணும்.”