மாத்திரைக்குப் பூ கேட்ட கதை

வாழ்க்கையில் ஒரே ஒரு முடிவையாவது மனைவி சாந்தாமணியைக் கேட்காமல் எடுப்பது என்று தீர்மானித்தேன். மாத்திரை சாப்பிடுவதில்லை. அவ்வளவுதான்.

சோமனூரில் எனக்கு விசைத்தறி. கொஞ்ச காலமாகத் தறி ஓடினாலும் ஒன்றுதான், நின்றாலும் ஒன்றுதான். சோறு மண்ணாக இருந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். "தொட்டி காலியாயிருமுங்க!" என்று வெளியிலிருந்து சாந்தாமணி குரல் கொடுப்பாள். நான் கிணற்றுப் பக்கம் போனால், குடம்கூட எடுக்காமல் பின்னாலேயே வருவாள்.

கடைசியில் கோயமுத்தூருக்கு இழுத்துப் போனாள். மன அழுத்தம் என்றார் டாக்டரம்மா. நான் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையையும் விசாரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

"குணம் தெரியச் சில வாரம் ஆகும். வயிறு புரட்டலாம். தூக்கம் மாறலாம். தாம்பத்திய ஆசை குறையலாம். எதுன்னாலும் என்கிட்டச் சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க."

மூன்றாவது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

"ஆம்பளைக்கு அதுவும் போனா அப்புறம் என்னம்மணி மிச்சம்?" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"இப்ப மட்டும் என்னத்த வாழுதுங்க? செவுத்தப் பாத்துத்தான படுத்துக்கறீங்க."

"ஊருக்குள்ள பைத்தியம்பாங்க."

"சக்கரைக்கு முழுங்கறீங்களே, அதுக்கு என்னம்பாங்க?"

கடவுளைத் துணைக்கு இழுத்தேன்.

"பூ கேட்டுப் பாத்துறலாம். வெள்ளை வந்தா முழுங்கறேன். செவப்பு வந்தா இந்தப் பேச்சே வேண்டாம்."

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசுவது முதல் கிணறு வெட்டுவது வரை இதுதான் வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுப்போம். சாமி சொல்லிவிட்டால் மறுபேச்சு இல்லை. சாந்தாமணியும் தலையாட்டினாள்.

பொட்டலம் கட்டியது நான். இரண்டிலும் சிவப்பு ரோஜா.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் வண்டியை நிறுத்திவிட்டு வரும்போது கோயில் வாசல் பூக்கடையில் நின்றிருந்தாள். அழுதிருக்கிறாள். கண் சிவந்திருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் முடிவு முடிவுதான்.

பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். பிரித்தார்.

வெள்ளை.

"இருக்காதுங்க!" என்று கத்திவிட்டேன்.

"ஏனுங்க இருக்காது?" என்றார் பூசாரி.

என்னத்தைச் சொல்ல? இரண்டிலும் சிவப்பைத்தான் வைத்தேன் என்றா? அதுவும் சாமி முன்னாலா?

"வேணும்னா இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்துறலாங்களா?" என்றாள் சாந்தாமணி மெதுவாக.

"வேண்டாம், வேண்டாம்!"

பையிலிருந்து தண்ணீர் பாட்டில் வந்தது. கூடவே மாத்திரையும். முழுங்கினேன்.

"எனக்கு நீங்க இருக்கோணுமுங்க," என்றாள். "மத்ததையெல்லாம் டாக்டரம்மாகிட்டப் பேசிக்கலாம்."

எனக்கு அழுகை முட்டியது. திறந்துவிட அங்கே குழாய் இல்லை.

அவள் சாமியைக் கும்பிடத் திரும்பினாள். கொண்டையில் இரண்டு சிவப்பு ரோஜா.